விண்கலத்துச் சிறையறைகள்: கதவு இல்லாத வாசல், கக்கூஸ் இல்லாத அறை

கதவுக்காரன்:

வணக்கம். நான் பதினான்கு வருடமாகக் கதவு வேலை பார்க்கிறேன். கார்டு காட்டினால் திறப்பது, விரல் வைத்தால் திறப்பது, அந்த மாதிரிக் கதவுகள். அதனால் எந்தப் படம் பார்த்தாலும் என் கண் முதலில் கதவுக்குத்தான் போகும். போன வாரம் மகளோடு உட்கார்ந்து ஸ்டார் ட்ரெக் 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' (1987-94) தொடரின் பழைய அத்தியாயங்களை மறுபடி பார்த்தேன். அதில் வரும் எண்டர்பிரைஸ் என்ற விண்கலத்தில் கைதியை வைக்கும் அறைக்குக் கதவே கிடையாது. வாசல் திறந்து கிடக்கிறது, நிலைச்சட்டத்தைச் சுற்றி விளக்கு எரிகிறது. குறுக்கே இருப்பது ஒரு விசைப்புலம். கையை வைத்தால் பளிச்சென்று மின்னித் தள்ளிவிடும். மின்சாரம் இருக்கும்வரை அது சுவர். நின்றுபோனால் வெறும் காற்று.

எங்கள் தொழிலில் மேக்னெட் லாக் என்று ஒன்று உண்டு. 12 வோல்ட் கொடுத்தால் 600 பவுண்டு விசையோடு இழுத்தாலும் கதவு வராது. கரண்ட் போன நொடியில் ஒரு குழந்தை தள்ளினாலும் திறந்துகொள்ளும். அதை வேண்டுமென்றேதான் அப்படிச் செய்திருக்கிறார்கள், தீப்பிடித்தால் உள்ளே இருப்பவர்கள் ஓடி வர வேண்டும் அல்லவா? இதை ஃபெயில் சேஃப் என்போம். கரண்ட் போனாலும் பூட்டியபடியே நிற்பது ஃபெயில் செக்யூர். எந்தக் கதவுக்கு எதைப் போடுவது என்று யோசிப்பதுதான் எங்கள் வேலையில் பாதி.

தொழிலுக்கு வந்த புதிதில் ஓர் அலுவலகத்தில் சர்வர் ரூமுக்கு மேக்னெட் லாக் போட்டேன். பேட்டரி பேக்கப் இருந்தது. அதன் ஃப்யூஸ் போயிருந்ததை யாரும் கவனிக்கவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் கரண்ட் போய், திங்கள் காலை நாங்கள் போய்ப் பார்க்கும்வரை அந்தக் கதவு இரண்டு விரற்கடை திறந்தபடி நின்றிருந்தது. ஒரு பொருளும் காணாமல் போகவில்லை. ஆனாலும் அந்த இரண்டு விரற்கடை இன்னும் என் கண்ணிலேயே நிற்கிறது.

இப்போது யோசியுங்கள். விண்கலம் எப்போது பார்த்தாலும் அடிவாங்கும் இடம். எதிரி சுடுவான், எந்திரம் நின்றுபோகும், விளக்கு அணைந்து அணைந்து எரியும். அப்படிப்பட்ட இடத்தில், கப்பலிலேயே மிக ஆபத்தான ஆளை, மின்சாரத்தை மட்டுமே நம்பி அடைத்து வைக்கிறார்கள். விசைப்புலத்துக்குப் பின்னால் ஓர் இரும்புக் கதவு இருந்தால் என்ன குறைந்துவிடும்? உங்கள் கண்ணில் பட்டவற்றையும் எழுதுங்கள். திரையில் ஒரு நல்ல சிறையறையை யாராவது பார்த்திருந்தால் அதைத் தெரிந்துகொள்ளத்தான் எனக்கு அதிக ஆசை.

திரைவெறியன்:

கதவுக்காரன் அண்ணா, நீங்கள் சொல்வது சரி. ஆனால் அந்த வாசல் ஏன் திறந்து கிடக்கிறது என்பதையும் பார்க்க வேண்டும். தொலைக்காட்சித் தொடரில் கைதிக்கும் கேப்டனுக்கும் நடுவில் நடக்கும் பேச்சுதான் அந்தக் காட்சியின் உயிர். இரும்புக் கதவு போட்டால் இரண்டு முகத்தையும் ஒன்றாகக் காட்ட முடியாது. கம்பி போட்டால் முகத்தில் நிழல் விழும், எந்தக் கோணத்தில் கேமராவை வைத்தாலும் ஒரு கம்பி கண்ணை மறைக்கும். விசைப்புலம் தொட்டால்தான் தெரியும், தொடாதவரை அங்கே எதையும் வரைய வேண்டியதில்லை. வாரம் ஓர் அத்தியாயம் எடுக்கிறவர்களுக்கு இது பெரிய விஷயம்.

2013இல் வந்த 'ஸ்டார் ட்ரெக் இன்டு டார்க்னஸ்' படத்தில் வில்லன் கானை நிறுத்திய கண்ணாடி அறையும் இதே காரணத்துக்காக வந்ததுதான். அதில் எனக்குப் பிடித்த ஓர் இடம் உண்டு. கப்பலின் டாக்டர் மெக்காய் ரத்தம் எடுக்க வரும்போது கண்ணாடியில் ஒரு துளை திறக்கிறது, கான் அதன் வழியே கையை நீட்டுகிறான். கைதிக்கு மருத்துவம் பார்க்க ஒரு வழி வேண்டும், அதற்காக முழுக் கதவையும் திறக்கக் கூடாது என்று அங்கே யாரோ யோசித்திருக்கிறார்கள்.

நல்ல அறை கேட்டீர்கள். 2004இல் தொடங்கிய 'பேட்டில்ஸ்டார் கேலக்டிகா' தொடரைப் பாருங்கள். கம்பி, இரும்பு, வெளியே துப்பாக்கியோடு ஒரு மரீன் சிப்பாய். பழைய போர்க்கப்பல் என்பதால் எல்லாமே கையால் இயக்குவதாக இருக்கும். பேச்சும் நன்றாகவே நடக்கிறது. ஆக, கண்ணாடி இல்லாமலும் முடியும் என்பதை நானே ஒத்துக்கொள்கிறேன்.

நெய்தல்:

நான் அந்தமானில் மூன்று வருடம் இருந்தேன். போர்ட் பிளேரின் செல்லுலார் சிறைக்கு, ஊரிலிருந்து யார் வந்தாலும் கூட்டிக்கொண்டு போவதால், பத்துப் பன்னிரண்டு முறை போயிருப்பேன். 1896இல் தொடங்கி 1906இல் கட்டி முடித்தது. நடுவில் ஒரு கோபுரம், அதிலிருந்து சைக்கிள் சக்கரத்தின் ஆரக்கால் மாதிரி ஏழு கிளைகள். இன்று மூன்றுதான் மிச்சம். ஒரு கிளையின் முகப்பு அடுத்த கிளையின் முதுகைப் பார்க்கும்படி கட்டியிருக்கிறார்கள். எதிர் அறையில் இருப்பவர் முகம் இவருக்குத் தெரியாது.

ஆனால் நான் ஒவ்வொரு முறையும் நின்று பார்ப்பது பூட்டைத்தான். கதவில் பூட்டு இருக்காது. கதவிலிருந்து நீளமான ஓர் இரும்புத் தாழ்ப்பாள் பக்கச் சுவருக்குள் போகும். அங்கே சுவரைக் குடைந்து செய்த ஒரு மாடத்தில்தான் பூட்டு. கம்பி வழியே தோள்வரை கையை நீட்டினாலும் விரல் அதைத் தொடாது. நான் உள்ளே நின்று முயன்று பார்த்தேன். ஒரு முழம் குறைகிறது. அந்த ஒரு முழத்தை அளந்து வைத்தவன் இன்னொரு மனிதனின் கை நீளத்தை யோசித்துத்தான் வைத்திருக்கிறான். அந்த அறைகளில் இருந்தவர்களை நினைத்தால் நெஞ்சு கனக்கிறது. அந்த இடத்தைப் பாராட்டுவதற்காக இதை எழுதவில்லை. நூறு வருடத்துக்கு முன்னால் கல்லையும் இரும்பையும் மட்டும் வைத்துக்கொண்டு இவ்வளவு யோசித்திருக்கும்போது, விண்மீன்களுக்கு நடுவே பறப்பவர்கள் யோசிக்காமல் விட்டிருப்பதைச் சொல்ல வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

'மாண்டலோரியன்' தொடரின் முதல் பருவத்தில் (2019) சிறைக்கப்பல் ஒன்று வரும். நாயகனை அறைக்குள் தள்ளிப் பூட்டிவிடுவார்கள். அவன் கதவு இடைவெளி வழியாகவே காவல் ரோபோவைப் பிடித்து இழுத்து, அதன் கையைக் கொண்டே பூட்டைத் திறந்துவிடுவான். அங்கே அந்த ஒரு முழத்தை யாரும் அளக்கவில்லை.

'அவெஞ்சர்ஸ்' (2012) படத்தில் வில்லன் லோகியை அடைத்த கண்ணாடி உருளையும் இந்தக் கணக்கில் சேர்த்தி. அது விண்கலம் இல்லை, பறக்கும் கப்பல்தான். என்றாலும் அந்த அறையை 30,000 அடி உயரத்திலிருந்து கீழே தள்ளிவிடும் பொத்தான் அதே கூடத்தில், நாலு எட்டு வைத்தால் தொடும் தூரத்தில் இருக்கிறது. வெளியே வந்தவன் நேராக அதனிடம்தான் போகிறான். உள்ளே அகப்பட்டுக்கொண்டது அவனைத் தடுக்க வந்த நாயகர்களில் ஒருவனான தோர்.

திரைவெறியன்:

நெய்தல், அந்த வரிசையில் 'கார்டியன்ஸ் ஆஃப் த கேலக்ஸி' (2014) சிறையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். காவல் கோபுரம் கைதிகள் நடமாடும் முற்றத்தின் நடுவில் நிற்கிறது. கோபுரத்துக்கு உயிர் கொடுக்கும் பேட்டரி வெளிப்பக்கமாகவே இருக்கிறது. உயரமான ஒரு கைதி கையை நீட்டிப் பிடுங்கிவிடுகிறான்.

இரவுப்பணி:

நான் மனநல வார்டில் நர்ஸ். வார்டு சிறை இல்லை, அப்படி ஆகிவிடக் கூடாது என்பதற்காகத்தான் தினமும் பாடுபடுகிறோம். ஆனாலும் தன் விருப்பத்துக்கு வெளியே போக முடியாத ஒருவருக்கு அறை அமைப்பது எப்படி என்பது எங்களுக்குத் தெரியும். அதனால் சொல்கிறேன்.

நீங்கள் மூன்று பேரும் தப்பிப்பதைப் பற்றி மட்டுமே பேசுகிறீர்கள். எனக்கு முதலில் படுவது, அந்த அறைகளில் மனிதர் வாழ முடியாது என்பது. 1977இல் வந்த முதல் ஸ்டார் வார்ஸ் படத்தில் இளவரசி லியாவை வைத்திருக்கும் அறையைப் பாருங்கள். கறுப்புச் சுவர், ஒரு மேடை. போர்வை கிடையாது, தண்ணீர் கிடையாது, கழிப்பறை கண்ணில் படவே இல்லை. கண்ணாடிப் பெட்டி அறைகள் இன்னும் மோசம். ஒரு மனிதர் எங்கே போய் ஒண்ணுக்குப் போவார்? எல்லாப் பக்கமும் ஆள் பார்க்கும்போது எப்படித் தூங்குவார்? எந்நேரமும் ஒருவரையே வெறித்துப் பார்த்துக்கொண்டிருந்தால் அவர் அமைதியாவதில்லை, பதற்றம்தான் ஏறும். நாங்கள் பதினைந்து நிமிடத்துக்கு ஒருமுறை போய்ப் பார்ப்போம், மூச்சு ஏறி இறங்குகிறதா என்று கவனிப்போம், சத்தமில்லாமல் திரும்பி வருவோம். இரவில் விளக்கை மங்கலாக்கிவிடுவோம். படங்களில் அந்த வெள்ளை விளக்கு அணைவதே இல்லை.

அப்புறம், கைதி தன்னையே காயப்படுத்திக்கொள்ளாமல் பார்த்துக்கொள்வதும் அறையின் வேலை. எங்கள் வார்டில் குழாய் மூலைகள் மழுங்கியிருக்கும், கட்டில் தரையோடு போல்ட் போட்டு இறுக்கியிருக்கும், திரைச்சீலைக் கம்பியில் கொஞ்சம் பாரம் விழுந்தாலே கழன்றுவிடும். சாப்பாட்டுத் தட்டு திரும்பி வரும்போது ஸ்பூன்களை எண்ணித்தான் வாங்குவோம். விண்கல அறைகளில் கூர்மையான உலோக விளிம்புகள் தலை உயரத்திலேயே இருக்கின்றன.

ஒரே ஒரு படத்தை மட்டும் மனதார வாழ்த்துவேன். 1989இல் வந்த ஸ்டார் ட்ரெக் ஐந்தாவது படம். கேப்டன் கிர்க், அவர் சகாக்கள் ஸ்பாக், மெக்காய் மூவரையும் அவர்கள் கப்பலிலேயே அடைத்து வைப்பார்கள். அந்த அறையில் கழிப்பறை இருக்கிறது, பக்கத்தில் அறிவிப்பும் இருக்கிறது: கப்பல் விண்துறையில் நிற்கும்போது பயன்படுத்த வேண்டாம் என்று. பழைய ரயில் பெட்டிகளில் எழுதியிருந்த அதே வாசகம். படத்தை யார் எப்படிக் குறை சொன்னாலும், அந்த அறையில் மனிதர் இருக்கப் போகிறார் என்று நினைத்த ஒருவர் அந்தக் குழுவில் இருந்திருக்கிறார்.

கார்பன் வாத்தியார்:

பன்னிரண்டாம் வகுப்புக்கு வேதியியல் நடத்துகிறேன். இரவுப்பணி அம்மா சொன்னதோடு காற்றையும் சேர்த்துக்கொள்ள வேண்டும். விசைப்புலம் காற்றை விடுமா, விடாதா என்று யாருமே சொல்வதில்லை. விடாது என்றே வைத்துக்கொள்வோம். இரண்டு மீட்டருக்கு இரண்டு மீட்டர், உயரம் இரண்டரை மீட்டர். மொத்தம் 10 கன மீட்டர். சும்மா உட்கார்ந்திருக்கும் ஆள் மணிக்கு ஏறக்குறைய 18 லிட்டர் கார்பன் டை ஆக்சைடு விடுவார். வெளிக்காற்றில் அது 0.04 சதவீதம். இந்த அறையில் ஐந்தாறு மணி நேரத்தில் 1 சதவீதத்தைத் தொடும், ஒரு நாளில் 4 சதவீதத்தைத் தாண்டும். தொழிற்சாலைப் பாதுகாப்பில் 4 சதவீதம் என்பது உயிருக்கு உடனடி ஆபத்து என்று வைத்திருக்கும் அளவு. கைதியை விசாரிக்க மறுநாள் காலை வரை காத்திருந்தால் அவர் பதில் சொல்லும் நிலையில் இருப்பது சந்தேகம்.

எடையில்லா நிலையில் இன்னொரு சிக்கல். சூடான காற்று மேலே போகாது, ஏனென்றால் அங்கே மேல் என்பதே இல்லை. விட்ட மூச்சு முகத்தைச் சுற்றியே தங்கிவிடும். அதனால்தான் பன்னாட்டு விண்வெளி நிலையத்தில் தூங்கும் அறைகளில் எந்நேரமும் காற்றை ஓட்டிக்கொண்டே இருக்கிறார்கள்.

படங்களில் இதற்குத் தீர்வு என்று ஆள் தவழ்ந்து போகும் அளவுக்குக் காற்றுக் குழாய் வைக்கிறார்கள், கைதியும் அதில் தவழ்ந்து போய்விடுகிறான். வகுப்பில் பிள்ளைகளை வைத்தே கணக்குப் போட்டோம். ஒருவருக்குக் கார்பன் டை ஆக்சைடை அரை சதவீதத்துக்குள் வைத்திருக்க மணிக்கு 4 கன மீட்டர் காற்று போதும். இரண்டு அங்குலக் குழாயில் அது மெதுவாகவே போய்விடும். சும்மா இருக்கும் உடம்பு விடும் 100 வாட் வெப்பத்தையும் காற்றே கொண்டுபோக வேண்டும் என்றால் அதே மாதிரி ஏழெட்டுக் குழாய் வைக்கலாம். ஒன்றில்கூட ஒரு பூனை நுழையாது. கடைசி பெஞ்சில் உட்காரும் ஒரு பையன்தான் 'சார், பெரிய குழாய்க்குப் பதில் நிறைய சின்னக் குழாய்' என்று முதலில் சொன்னான்.

கதவுக்காரன்:

வாத்தியார் ஐயா, அந்தப் பையனை எங்கள் தொழிலுக்கு அனுப்புங்கள்.

இரவுப்பணி அம்மா, நீங்கள் சொன்னது மனதில் தைத்தது. நான் கதவை மட்டும்தான் பார்த்தேன். சரி, கழிப்பறை, காற்று, வெளிச்சம் எல்லாம் வைத்தாகிவிட்டது. இப்போது என் முதல் கேள்விக்கே வருகிறேன். ஃபெயில் செக்யூர் பூட்டு, கரண்ட் போனாலும் திறக்காத இரும்புக் கதவு. இதில் எல்லோரும் உடன்படுகிறோமா?

கடலோடி:

நான் உடன்படவில்லை. சரக்குக் கப்பலில் செகண்ட் இன்ஜினியர். இருபது வருடம் கடலில் இருக்கிறேன், இரண்டு முறை இன்ஜின் ரூமில் தீயைப் பார்த்திருக்கிறேன். கப்பலில் தீ வந்தால் முதலில் போவது கரண்ட். நீங்கள் சொல்லும் கதவு அந்த நேரத்தில் பூட்டியபடியே நிற்கும். உள்ளே ஒரு மனிதன் இருப்பான்.

இது கற்பனை இல்லை. 1930 ஏப்ரலில் அமெரிக்காவின் ஒஹையோ மாநிலச் சிறையில் தீப்பிடித்து 322 கைதிகள் செத்தார்கள். அறைக் கதவுகளை நேரத்துக்குத் திறக்கவில்லை. 2012 பிப்ரவரியில் ஹோண்டுராஸில் கொமயாகுவா சிறையில் 350 பேருக்கு மேல். அங்கேயும் பூட்டிய கதவுக்குப் பின்னால்தான் பலர் செத்தார்கள்.

ஸ்டார் வார்ஸ் படத்துச் சிறைப் பகுதியை நினைத்துப் பாருங்கள். நீளமான ஒரு நடை, இரண்டு பக்கமும் அறைகள், போகவும் வரவும் ஒரே லிஃப்ட். படத்தில் லியாவை மீட்க வந்தவர்கள் குப்பைக் குழாயில் குதிக்க வேண்டி வந்ததே வேறு வழி இல்லாததால்தான். எல்லோரும் கைதி எப்படித் தப்பினான் என்று பார்க்கிறார்கள். நான் அந்த நடையில் புகை வந்தால் காவலாளிகளே எங்கே போவார்கள் என்று பார்த்தேன்.

கார்பன் வாத்தியார்:

கடலோடி சொல்வதற்கு விண்வெளியிலேயே சான்று இருக்கிறது. 1967 ஜனவரி 27, அப்பல்லோ 1. தரையில் நின்ற கலத்தில் ஒத்திகை நடந்துகொண்டிருந்தபோது தீ. உள் கதவு உள்பக்கமாகத் திறக்கும் வகை. தீயில் உள்ளே அழுத்தம் ஏறியதும் அந்தக் கதவை இழுக்க எந்த மனிதனாலும் முடியாது. மூன்று பேரும் போய்விட்டார்கள். அதன் பிறகுதான் வெளிப்பக்கம் வேகமாகத் திறக்கும் கதவாக மாற்றினார்கள். அது சிறை இல்லை, பூட்டும் இல்லை. திறக்கும் திசை ஒன்றே போதுமானதாகிவிட்டது.

இன்னொன்றும் சொல்கிறேன். நிஜ விண்கலத்தில் அடைத்து வைக்கத் தனி அறை கிடையாது. நிலையத்தில் ஒருவர் மனநிலை குலைந்து ஆபத்தாகிவிட்டால், மணிக்கட்டையும் கணுக்காலையும் டக்ட் டேப்பால் கட்டி, ரப்பர் வடத்தால் பிணைத்து, தேவைப்பட்டால் மயக்க மருந்து கொடுக்க வேண்டும் என்று நாசாவின் கையேட்டில் இருப்பதாக 2007இல் செய்தி வந்தது. 1980களில் நாசாவின் சில ஸ்பேஸ் ஷட்டில் விண்கலப் பயணங்களில் வெளிக்கதவின் கைப்பிடிக்கே பூட்டுப் போட்டார்கள், யாராவது நிலைதடுமாறித் திறந்துவிடக் கூடாது என்று. ஆளைப் பூட்டவில்லை, ஆபத்தான கைப்பிடியைப் பூட்டினார்கள். இதைப் படித்த நாளிலிருந்து திரையில் வரும் சிறையறைகளை நான் வேறு மாதிரிதான் பார்க்கிறேன்.

கதவுக்காரன்:

இரண்டு நாள் யோசித்துவிட்டு எழுதுகிறேன். கடலோடி சொல்வது நியாயம். மருத்துவமனையில், பள்ளியில் கதவு போடும்போது தீயைத்தான் முதலில் நினைப்பேன். சிறை என்றதும் அந்த நினைப்பு எனக்கே விட்டுப்போய்விட்டது. அது எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

அப்படியானால் இப்படிச் செய்யலாம். இரண்டு கதவு, நடுவில் சின்ன அறை, ஒன்று திறந்திருந்தால் மற்றது திறக்காது. இரண்டும் வெளிப்பக்கம் திறக்கும். பூட்டு நெய்தல் சொன்ன மாதிரி சுவருக்குள், கை எட்டாத தூரத்தில். கரண்ட் போனால் பூட்டியபடி நிற்கும், ஆனால் வெளியே ஒரு நெம்புகோல் இருக்கும், கையால் இழுத்தால் திறக்கும், கரண்ட் வேண்டாம், கார்டு வேண்டாம். புகை வந்தால் கண்ணுக்குத் தெரியாது என்பதால் தடவினாலே புரியும் வடிவத்தில் கைப்பிடி. இதில் ஒரே ஒரு ஓட்டை இருக்கிறது. அந்த நெம்புகோலை இழுக்க எந்நேரமும் ஓர் ஆள் அங்கே இருக்க வேண்டும். கம்ப்யூட்டரை நம்பி யாரும் நகர்ந்துவிடக் கூடாது.

இரவுப்பணி:

அந்த ஆள்தான் முக்கியம். எங்கள் வார்டிலும் எத்தனை கேமரா வந்தாலும் பதினைந்து நிமிட நடையை நிறுத்தவில்லை.

கடலோடி சார், ஒன்று கேட்கிறேன். உங்கள் கப்பலில் யாரையாவது அடைத்து வைத்தது உண்டா? சரக்குக் கப்பலில் அதற்கு அறை இருக்குமா?

கடலோடி:

இருக்காது. ஆனால் ஒருமுறை வைக்க வேண்டி வந்தது. மேற்கு ஆப்பிரிக்கத் துறைமுகம் ஒன்றை விட்டுக் கிளம்பிய இரண்டாம் நாள், சுக்கானுக்கு மேலே இருக்கும் பொந்தில் இரண்டு பையன்கள் ஒளிந்திருந்ததைக் கண்டுபிடித்தோம். பெரியவனுக்கு இருபது வயது இருக்கும். இறக்கிவிட எந்த நாடும் எளிதில் சம்மதிக்காது, பல வாரம் இழுக்கும். சுதந்திரமாக விடவும் மாலுமிகளுக்குப் பயம். காலியாக இருந்த ஒரு கேபினில் வைத்தோம். கட்டில், குளியலறை, போர்ட்ஹோல் என்கிற வட்ட ஜன்னல் எல்லாம் இருந்தது.

அந்தக் கதவைப் பற்றித்தான் சொல்ல வேண்டும். எங்கள் கேபின் கதவுகளில் கீழ்ப்பாதியில் ஒரு பலகை உண்டு. உள்ளிருந்து ஓங்கி உதைத்தால் கழன்று விழும். கப்பல் சாய்ந்து கதவு இறுகிப்போனால் தவழ்ந்து வெளியே வருவதற்காக வைத்தது. வெளியே பூட்டுப் போட்டாலும் அந்தப் பலகை இருக்கும்வரை அது பூட்டு இல்லை. மாலுமிகளுக்கு மேஸ்திரியான போசன், வெளிப்பக்கம் ஒரு இரும்புத் தகட்டை வைத்து போல்ட் அடித்துவிடலாம் என்றார். பத்து நிமிட வேலை. தகட்டைக்கூட வெட்டிவிட்டோம். கேப்டன் வந்து பார்த்தார். தீ வந்தால் இவர்களுக்காக யார் கீழே இறங்கி வருவீர்கள், பெயர் சொல்லுங்கள் என்று கேட்டார். உடனே யாரும் சொல்லவில்லை.

தகட்டை அடிக்கவில்லை. கதவுக்கு வெளியே நாற்காலி போட்டு நான்கு மணி நேரத்துக்கு ஓர் ஆள் என்று மாறி மாறி உட்கார்ந்தோம், கையில் ஒரு வாக்கிடாக்கி. இரண்டு பையன்களுக்கும் லைஃப் ஜாக்கெட் கொடுத்து, எந்த உயிர்காப்புப் படகு என்று காட்டி, ஒத்திகையிலும் சேர்த்துக்கொண்டோம். பத்தொன்பது நாள் இருந்தார்கள். ஏழாம் நாளோ எட்டாம் நாளோ, ராத்திரி இரண்டு மணிக்கு என் முறை. உள்ளிருந்து அந்தப் பலகையை யாரோ தட்டினார்கள். உதைக்கவில்லை, விரலால் தட்டினார்கள். சின்னவனுக்குக் காய்ச்சல், தண்ணீர் வேண்டும் என்றார்கள்.